பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்

"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். 52 வயதுவரை அதைக் கேலிப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். போன நவம்பரில் என் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட அன்று, இரவு பதினொரு மணிக்கு, பாட்டி சொன்னது கம்ப்யூட்டர் பாடம் என்று புரிந்தது. வைஃபை வேலை செய்ய ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவரை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட் வர வைஃபை வேலை செய்ய வேண்டும்.

நான் ஆசைப்பட்டு லினக்ஸுக்குப் போனவன் இல்லை. மடிப்பாக்கத்தில் எட்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். லேப்டாப் 2015-இல் வாங்கியது. கீபோர்டில் நாலைந்து எழுத்து அழிந்திருக்கிறதே தவிர, இன்றுவரை ஒரு குறையும் வைத்ததில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசராக இருந்தால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். என்னுடையது ஐந்தாம் தலைமுறை. நன்றாக ஓடுகிற மாட்டை, பல்லைப் பிடித்துப் பார்த்துச் சந்தையிலிருந்து திருப்பி அனுப்பின மாதிரி இருந்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அக்கா மகன்தான் வழி சொன்னான். "எதுக்கு மாமா நாப்பதாயிரம் செலவு? லினக்ஸ் போடுங்க. அரை மணி நேரம்தான்."

அவன் சொன்னது பொய்யில்லை. நவம்பர் 15, சனிக்கிழமை. பென் டிரைவிலிருந்து இருபத்தைந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. சத்தம் வந்தது. கேமரா வந்தது. தமிழ்99 கீபோர்டு, நான் தேடுவதற்கு முன்பே, பட்டியலில் உட்கார்ந்திருந்தது. பத்து வருஷத்துப் பிரின்டரை வயரில் சொருகினேன், மறுபேச்சு இல்லாமல் அச்சடித்தது. இத்தனை நாள் ஏன் பயந்தோம் என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அப்புறம்தான் மூலையில் பார்த்தேன். வைஃபைக்கான அந்த விசிறிப் படம் இல்லை. சிவப்பாக இல்லை, மங்கலாக இல்லை. அந்த இடமே காலி. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், வைஃபை என்கிற சொல்லே இல்லை. வயர் இணைப்பு பற்றி மட்டும் கேட்கிறது. என்னுடையது மெலிதான லேப்டாப். மெலிய வைப்பதற்காகவே லேன் வயர் சொருகும் துளையை எடுத்துவிட்டு விற்றிருக்கிறார்கள்.

மருமகனுக்குப் போன் போட்டேன். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி ஒரு கட்டளை அடிக்க வைத்தான். லேப்டாப்புக்குள் இருக்கிற உறுப்புகளின் பட்டியல் வந்தது. வைஃபை கார்டும் அதில் இருந்தது, செய்த கம்பெனியின் பெயரோடு. "கார்டு தெரியுதுல்ல மாமா, அப்ப கார்டு நல்லா இருக்கு. டிரைவர்தான் இல்ல."

"டிரைவர் இல்லையாம்" என்றேன் சத்தமாக. தூக்கக் கலக்கத்தில் இருந்த மனைவி எழுந்து, "இந்நேரத்துக்கு எங்க போறீங்க?" என்றாள்.

டிரைவர் என்றால் என்ன, அது ஏன் இல்லை என்பதை அந்த நாலு நாளில் நான் கற்றுக்கொண்டேன். கார்டோடு பேசுவதற்கு கம்ப்யூட்டருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அது டிரைவர். அது போதாது. பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டரே இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நிரல் வேண்டும், அது ஃபர்ம்வேர். பல கார்டுகளில் அந்த நிரல் கார்டிலேயே தங்குவதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஊட்டிவிட வேண்டும். விண்டோஸில் இதெல்லாம் நம் கண்ணில் படாது. லேப்டாப் விற்கிறவரே போட்டுக் கொடுத்துவிடுகிறார். லினக்ஸில் கேள்வி எழுகிறது: அந்த நிரலை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கு? கம்பெனி அனுமதி கொடுத்தால் லினக்ஸோடு சேர்ந்தே வரும். முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தால் தனி மூட்டையாக வரும். கொடுக்காவிட்டால் நம் பாடு.

லினக்ஸ்காரர்களிலும் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் உண்டு. டெபியன் என்கிற பழைய வகையில், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டாத நிரலைத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவே மாட்டோம் என்று பல வருஷம் இருந்தார்கள். என்னைப் போன்றவர்கள் வைஃபை இல்லாமல் தவித்ததைப் பார்த்து, 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. நல்ல மனசுக்காரர்கள். ஆனால் என் ராசி, என் கார்டுக்கு ஃபர்ம்வேர் மட்டுமில்லை, டிரைவரே மூடி முத்திரை வைத்தது. அது அந்தச் சலுகையில் வராது. நெட்டில் போய் எடுத்துக்கொள் என்றது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நான் கணக்கு எழுதும் மருந்துக் கடையின் தம்பி, "அண்ணே, ஃபங்ஷன் கீயோட அந்த ஏரோப்ளேன் பட்டனை அழுத்திப் பாருங்க" என்றான். அதற்கும் லினக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது, ஆர்எஃப்கில் என்று. வைஃபையை மென்பொருள் பூட்டியிருக்கிறதா, பட்டன் பூட்டியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்லும். அடித்துப் பார்த்தேன். புளூடூத் பூட்டப்படவில்லை என்றது. வைஃபையைப் பற்றி மூச்சே விடவில்லை. இல்லாத வீட்டுக்குப் பூட்டு ஏது?

ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. வேண்டியதைப் போனில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் போட்டால் என்ன? இறக்கினேன். போட்டேன். "எனக்கு டிகேஎம்எஸ் வேண்டும்" என்றது. அதை இறக்கினேன். அது "ஜிசிசி வேண்டும், மேக் வேண்டும்" என்றது. கொண்டுபோனால், "கெர்னலின் ஹெடர் வேண்டும், அதுவும் இந்த எண்ணுள்ளதுதான்" என்றது. சம்பந்தி வீட்டில் ஒருவரை அழைத்தால், அவர் வர அண்ணனை அழைக்க வேண்டும், அண்ணன் வர மச்சினரை அழைக்க வேண்டும் என்பார்களே, அந்தக் கதை. ஒன்பது முறை பென் டிரைவைப் பிடுங்கிச் சொருகினேன். ஒன்பதாவது முறை, இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரமில்லை என்றது. என் காசில் வாங்கிய லேப்டாப், என் மேஜைமேல் இருக்கிறது, எனக்கு அதிகாரமில்லை. நிறுவும்போது நிர்வாகிக்கென்று தனிப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தேனாம். அப்படிக் கொடுத்தால் சாதாரணப் பயனருக்கு அந்த உரிமை வராதாம். அதை அந்த இடத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

திங்கட்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். நகம் அளவு வைஃபை டாங்கிள், 450 ரூபாய். மருமகன் ஒரு மாடல் எண் சொல்லியிருந்தான், லினக்ஸில் தானாக வேலை செய்யும் என்று. அதே எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். டப்பாவில் லினக்ஸ் என்றும் அச்சிட்டிருந்தது. வீட்டில் வந்து பிரித்தால், டிரைவரை உள்ளங்கை அளவு சிடியில் கொடுத்திருக்கிறார்கள். சிடி டிரைவ் உள்ள லேப்டாப் யாரிடம் இருக்கிறது? சரி, சொருகுவோம் என்று சொருகினால், அந்த டாங்கிளே தன்னை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்கிறது! நான் கேலிக்குச் சொல்லவில்லை. விண்டோஸில் டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்வதற்காக, சில டாங்கிள்கள் முதலில் சிடி வேஷத்தில் வரும். டிரைவர் ஏறியபிறகு வேஷத்தைக் கலைத்து வைஃபை ஆகும். லினக்ஸில் அந்த வேஷத்தைக் கலைக்கவே தனியாக ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் நெட்டில்தான் இருக்கிறது.

எண் சரியாக இருந்தும் ஏன் ஓடவில்லை என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில், கடுகு அளவு எழுத்தில், மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் 'வி4' என்று இருந்தது. நான்காவது பதிப்பு. பெயர் அதே, டப்பா அதே, உள்ளே இருக்கும் சிப் வேறு. திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் டாங்கிளைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிக் காட்டினார், ஓடியது.

"விண்டோஸ்ல ஓடுது பாருங்க சார்."

"டப்பால லினக்ஸ்னு போட்டிருக்கே?"

"அது கம்பெனிக்காரன் போட்டது சார். பில் போட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்."

நவம்பர் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். எட்டுக் கடைக்கும். தேதி தாண்டினால் தாமதக் கட்டணம், வட்டி. அந்த எட்டுப் பேரும் லினக்ஸையா திட்டுவார்கள்? செவ்வாய் இரவு மருமகனிடம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழையபடி விண்டோஸே போடப் போகிறேன் என்றேன்.

"மாமா, போனை வயர்ல சொருகி, யூஎஸ்பி டெதரிங் போட்டுப் பாத்தீங்களா?"

சார்ஜர் வயரில் போனைச் சொருகி, போனின் செட்டிங்ஸில் ஒரு பட்டனைத் தள்ளினேன். மூன்று விநாடி. இன்டர்நெட் வந்துவிட்டது. எந்த டிரைவரும் கேட்கவில்லை.

"இத சனிக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள?"

"நீங்க வைஃபை வரலன்னுதான் மாமா சொன்னீங்க. நெட் வேணும்னு சொல்லவே இல்லையே."

அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இந்த லினக்ஸ் உலகத்து ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். கேட்ட கேள்விக்குத்தான் பதில், அதுவும் அட்சரம் பிசகாமல்.

நெட் வந்ததும் பத்து நிமிடத்தில் டிரைவர் ஏறியது. முடிந்ததா? இல்லை. செக்யூர் பூட் என்று ஒரு காவல்காரர் இருக்கிறார். கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ளே விடமாட்டார். ஆகவே நமக்கு நாமே ஒரு சாவி உண்டாக்கி, அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, லேப்டாப்பை அணைத்து ஆன் செய்தால், ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தி, இது என் சாவிதான் என்று உறுதி சொல்ல வேண்டும். நீலத் திரையைப் பார்த்தாலே பதறும்படி விண்டோஸ் என்னை இருபது வருஷமாகப் பழக்கியிருக்கிறது. பதறி முடிப்பதற்குள் பத்து விநாடி போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை காபியைக்கூடக் கீழே வைத்துவிட்டு, விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். விசிறிப் படம் வந்தது. புதன்கிழமை எட்டுக் கணக்கும் ஏற்றினேன்.

டிசம்பர் 18-ஆம் தேதி காலையில் மறுபடி வைஃபை காணவில்லை. முதல் நாள் இரவு அப்டேட் போட்டிருந்தேன். அதில் லினக்ஸின் மையமான கெர்னல் மாறியிருக்கிறது. கெர்னலோடு சேர்ந்து வராத டிரைவரை, ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் மறுபடி தைக்க வேண்டும். தைப்பதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் வேண்டும். நான் நவம்பரில் பென் டிரைவில் சுமந்த ஞாபகத்தில், அந்த ஒரு எண்ணுக்குரிய ஹெடரை மட்டும் போட்டிருந்தேன்; இனி வரப்போகிறவற்றுக்கும் சேர்த்துப் போட ஒரு பொதுப் பொட்டலம் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் வேலையை முடித்தேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். 2003-இலேயே லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்கிற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, உரிமப்படி மூல நிரலைக் கேட்டுப் பெற்றார்கள். ரவுட்டருக்கென்றே உள்ள ஓபன்டபிள்யூஆர்டி அதிலிருந்துதான் முளைத்தது. என் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அலையைக் கொடுக்கிறவனும் லினக்ஸ், போனில் வாங்குகிறவனும் லினக்ஸ். நடுவில் என் லேப்டாப்பில் மட்டும் லினக்ஸுக்கு வைஃபை தெரியாது என்றால் யார் நம்புவார்? ரவுட்டர் செய்கிறவர் லட்சக்கணக்கில் சிப் வாங்குகிறார், லினக்ஸுக்கு டிரைவர் கொடு என்கிறார், கொடுக்கிறார்கள். நான் ஒரே ஒரு கார்டு வாங்கினேன், அதுவும் வாங்கினது தெரியாமலே.

இப்படி விட்டுப்போன கார்டுகளுக்காகச் சம்பளமில்லாமல் உழைத்தவர்களை நினைத்தால், லினக்ஸைத் திட்ட வாய் வரவில்லை. ஒரு காலத்தில் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஏமாற்றி ஓட்டும் என்டிஐஎஸ்-ராப்பர் என்கிற நிரல்தான் பலருக்குக் கதி. இன்னொரு வகை சிப்புக்கு, ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்துக் குறிப்பு எழுத, அந்த மூலத்தைக் கண்ணால் பார்க்காத வேறொரு குழு, குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதியது. காப்பியடித்தார்கள் என்று யாரும் வழக்குப் போடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்த டிரைவர் 2006-இல் கெர்னலில் சேர்ந்தது. சிப்பைச் செய்த கம்பெனி தன்னிடம் இருந்த கையேட்டில் நாலு தாள் கொடுத்திருந்தால் தேவைப்படாத உழைப்பு.

ஏன் திறப்பதில்லை என்று கம்பெனிகளைக் கேட்டால், இது ரேடியோ அலை சமாச்சாரம், எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று நாட்டுக்கு நாடு சட்டம் இருக்கிறது, திறந்துவிட்டால் ஆளாளுக்குக் கூட்டிவைத்துக்கொள்வார்கள் என்பார்கள். கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதெரோஸ் நிறுவனம் 2008-இல் ஏடிஎச்9கே டிரைவரைத் திறந்தே கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை. இன்டெல் ஃபர்ம்வேரைத் திறக்காவிட்டாலும், டிரைவரை எழுதிக் கெர்னலிலேயே சேர்த்துவிடுகிறது. அந்தக் கார்டு உள்ளவர்கள் என் கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கார்டை வாங்கி மாற்றிக்கொள்ளலாமே என்றால், சில லேப்டாப்களில், செய்த கம்பெனி அங்கீகரித்த கார்டைத் தவிர வேறொன்றை மாட்டினால் ஆன் ஆகவே மறுக்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கோதுமை உண்டா, பாமாயில் உண்டா, சைவமா அசைவமா என்று போட வேண்டும் என்பது சட்டம். ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப் டப்பாவில் வைஃபை என்ன வேகம் என்று மட்டும் இருக்கிறது. உள்ளே யாருடைய சிப் என்று இல்லை. அதே மாடலில் இந்த மாதம் ஒரு சிப், அடுத்த மாதம் வேறு சிப் என்று போடுவதும் நடக்கிறது. மொத்தமாகக் கேட்டால் மட்டும் எல்லாம் நடக்கும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் ஏற்றியே மாணவர்களுக்கு வந்தது. கேட்டவர் அரசாங்கம். தனி ஆள் கேட்டால், "வைஃபை இருக்கு சார்" என்கிறார்கள்.

லினக்ஸுக்கு மாற நினைப்பவர்களுக்கு நாலு நாள் தூக்கத்தை விலையாகக் கொடுத்துக் கற்றதைச் சொல்கிறேன். பழையதை அழிக்கும் முன், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். மூலையில் விசிறி தெரிந்தால் மட்டும் மேலே போங்கள். போன் வயரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மாதம் 20-ஆம் தேதிக்கு முன்னால் தொடவே தொடாதீர்கள். அடுத்த லேப்டாப் வாங்கும்போது கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எந்த கம்பெனி வைஃபை கார்டு? போன வாரம் அக்கா மகளுக்கு லேப்டாப் வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் அந்தக் கேள்விக்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்கள். நீங்களும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது டப்பாவில் அந்த ஒரு வரி வரும்.